ஆறு அங்குலக் கேக்கும் ஒன்பது பெயரும்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். போன மாதம் கீழ் மாடியில் இருக்கும் நைஜீரியப் பெண் வந்தாள். யொரூபா இனத்தவள், மேற்படிப்புக்காகக் கணவனோடு கோலாலம்பூருக்கு வந்தவள். ஏற்கெனவே இரட்டைப் பெண் பிள்ளைகள். இப்போது ஒரு பையன், பிறந்து மூன்று நாள்.

"எட்டாம் நாள் பெயர் வைக்கிறோம், ஆன்ட்டி. ஆறு அங்குலக் கேக் போதும்."

"என்ன பெயர் எழுதணும்?"

"ஒன்று அவனே கொண்டு வந்துவிட்டான். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்."

எனக்குப் புரியவில்லை. மாவு சலித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டேன். யொரூபா மக்களிடம் சில பெயர்களைப் பெற்றோர் யோசித்து வைப்பதில்லை, பிறந்த விதமே தீர்மானித்துவிடுகிறது. இரட்டையரில் முதலில் வருவது டைவோ, அடுத்தது கெஹிண்டே. ஆணானாலும் பெண்ணானாலும் அதே பெயர்தான். டைவோ என்றால் உலகத்தை ருசி பார்க்க வந்தவர். இதில் வேடிக்கை, பின்னால் வரும் கெஹிண்டேதான் மூத்தவராம். 'நீ போய் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்' என்று இளையதை முன்னால் அனுப்புவாராம். (எங்கள் வீட்டு மூத்தவரும் அப்படித்தான், கடைக்கு என்னைத்தான் அனுப்புவார்.) இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை இடோவு. ஆக, இவன் கருவில் இருக்கும்போதே இடோவு.

இரண்டாவது பெயர் பாபாடுண்டே. 'அப்பா திரும்பி வந்தார்' என்று பொருள். இவள் மாமனார் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெண்ணாகப் பிறந்து, பாட்டி இறந்திருந்தால் யேடுண்டே, 'அம்மா திரும்பி வந்தாள்'. இதற்கு எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே நாம் பெயரன் என்கிறோம், பேச்சில் பேரன் ஆகிவிட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவள் அடுத்துச் சொன்னதுதான். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப் போகும் வீட்டில், ஒரே பிள்ளைதான் வருவதும் போவதுமாக இருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். அப்புறம் பிறக்கும் பிள்ளைக்குக் கெஞ்சலையே பெயராக வைப்பார்கள். மாலோமோ என்றால் 'இனிமேல் போகாதே'. டுரோஜாயே என்றால் 'இரு, இருந்து வாழ்க்கையை அனுபவி'.

என் தாத்தா பெயர் பிச்சை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு முன் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அவர் பிறந்ததும் பக்கத்து லயத்து அம்மாவிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். மூக்கும் குத்திவிட்டார்கள். வயதான பிறகும் இடது மூக்கில் அந்தத் தழும்பு கடுகளவு தெரியும். எமன் வந்து பார்த்தால் 'இது யாரோ போட்ட பிச்சை, நமக்கு எதற்கு' என்று போய்விட வேண்டும், அதுதான் கணக்கு. குப்பன், குப்பம்மா, மூக்கன், மூக்காயி எல்லாம் இந்தப் பயத்தில் பிறந்த பெயர்கள்தான். யொரூபாக்காரர் பிள்ளையிடம் கெஞ்சினார்கள். நாம் எமனை ஏமாற்றப் பார்த்தோம்.

அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. அடையாளக் கார்டில் அவர் பெயருக்குப் பின்னால் 'அனாக் லெலாகி பிச்சை' என்று வரும், மலாயில் 'பிச்சையின் மகன்'. மலாய்க்காரருக்குப் பொருள் தெரியாது, ஆனால் தமிழ்ப் பள்ளியில் தெரியாத பையன் உண்டா? போதாததற்கு, பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் அப்பா கார்டில் ஓர் எழுத்து கூடுதல், சித்தப்பா கார்டில் அது இல்லை. தாத்தா இறந்த பிறகு அவர் சேமிப்பை எடுக்கப் போனபோது, இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான் என்று சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லா ஆப்பிரிக்கர்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் அவள் சொன்னாள். கானாவின் அக்கான் மக்களுக்குக் கிழமைதான் பெயர். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர், அதனால் கோஃபி. இரட்டையரில் ஒருவர் என்பதால் நடுவில் அட்டா என்றும் ஒரு பெயர் உண்டு. சனிக்கிழமை என்றால் க்வாமே.

சரி, கேக்குக்கு வருவோம். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒன்பது பெயர் வந்தது. ஆறு அங்குலத்தில் ஒன்பதை எங்கே எழுதுவது? இடோவு, பாபாடுண்டே இரண்டை மட்டும் நீல கிரீமில் எழுதிக் கொண்டுபோனேன்.

பிள்ளையின் நாக்கில் தேன், உப்பு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார்கள். நம் வீட்டில் சேனை வைப்பது மாதிரியேதான். உப்புக்கு மட்டும் முகத்தைச் சுளித்தான். வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பணம் வைத்தார்கள். "ஆன்ட்டி, நீங்களும் ஒன்று சொல்லுங்கள்" என்றாள். தாத்தா பெயர் வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டு, எழிலன் என்றேன். பத்து ரிங்கிட் வைத்தேன். ஃபோன் திரையில் நைஜீரியாவிலிருந்து பாட்டி நான்கு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் அவள் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினாள். பத்தாவதாக என் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எலிலன்' என்று வருகிறது. நான் திருத்தவில்லை.