அரைப்பேர்

2023 பிப்ரவரில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் நான் இலங்கை மலையகத்துல, மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்குற சின்ன மிஷன் ஸ்கூல்ல வாலன்டியரா இருந்தேன். திரும்பி வந்து இவ்வளவு நாளாச்சு இன்னும் அதப்பத்தி ஒரு வரி எழுதல, சர்ச்சுல பாக்குறவங்க எல்லாம் போட்டோவாவது போடும்மான்னு கேக்குறாங்க. பிள்ளைங்க போட்டோ போடமாட்டேன், காரணம் கீழ வருது.

முதல்ல எங்க அப்பாயி பத்தி சொல்லணும், ஏன்னா அப்பாயி இல்லேன்னா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். அப்பாயி பொறந்தது வளந்தது கல்யாணம் பண்ணது எல்லாம் அந்த மலையிலதான். 1948ல இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்குப் போன தமிழருங்களோட குடியுரிமைய இலங்கை அரசாங்கம் பறிச்சுச்சு, அப்புறம் 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ரெண்டு அரசாங்கமும் பிரிச்சுக்கிட்டாங்க, மிச்சம் இருந்த 1,50,000 பேர 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. எங்க குடும்பம் 1973ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல கொஞ்ச நாள் இருந்து, கடைசில கூடலூர் பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசோட தேயிலை நிறுவனம்) தோட்டத்துல வேலை கெடச்சு மறுபடியும் அதே கொழுந்துக் கூடை. ஊரு மாறுச்சு, வேலை மாறல. அங்க இருந்தப்போ இந்தியாக்காரங்க, இங்க வந்ததும் சிலோன்காரங்க. அப்பா படிச்சு கோயம்புத்தூர் வந்துட்டாரு, நான் இங்கதான் பொறந்தேன்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியும். மூணாவது வரைக்கும் தோட்டத்து மிஷன் ஸ்கூல்ல படிச்சுது, ஒரே ஒரு ரூமு, ஒரே ஒரு வாத்தியாரு, எல்லா வகுப்பும் அதுக்குள்ளயே. அந்த வாத்தியாரு மண்ணுல விரல புடிச்சு எழுத வெச்சத இன்னைக்கும் சொல்லும். அதனால எங்க சபைல மலையகத்துல ஒரு மிஷன் ஸ்கூலுக்கு தமிழ் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னு சொன்னப்போ நான் யோசிக்கவே இல்ல, பி.எட் முடிச்சு நாலு வருஷம் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருந்தேன், அத விட்டுட்டு கெளம்பிட்டேன்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி ஹட்டன்ல எறங்கணும், அங்கிருந்து பஸ், அதுக்கப்புறம் ஆட்டோ, அதுக்கப்புறம் நடை. வழில மவுசாகலை நீர்த்தேக்கம் வரும், அணை கட்டினப்போ பழைய மஸ்கெலியா டவுனு தண்ணிக்குள்ள போயிருச்சு, தண்ணி வத்துற காலத்துல பழைய கோயிலு கட்டடம் எல்லாம் வெளிய தெரியும்னு ஆட்டோ அண்ணன் காட்டினாரு. அந்தப் பக்கம் சிவனொளிபாத மலை.

ஸ்கூலுன்னா பெருசா நெனைக்காதீங்க. 1960, 61ல அரசாங்கம் மிஷன் ஸ்கூலுங்கள எடுத்துக்கிச்சு, தோட்டத்துக்குள்ள இருந்த பள்ளிக்கூடங்கள 70களுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. இப்ப மிஷன் கையில இருக்குறது சர்ச்சு பக்கத்துல தகரம் போட்ட ரெண்டு ரூமு, காலைல முன்பள்ளி, அரசாங்க ஸ்கூல் விட்டதும் மத்தியானத்துல இருந்து தரம் 3, 4, 5 பிள்ளைங்களுக்கு வகுப்பு. ஊருல எல்லாரும் இன்னும் மிஷன் ஸ்கூல்னுதான் சொல்றாங்க. எனக்கு தரம் 4ம் 5ம் குடுத்தாங்க. தரம் 5ல புலமைப்பரிசில் பரீட்சை இருக்கு, அதுல நல்லா வந்தா டவுன்ல பெரிய ஸ்கூலுக்குப் போகலாம், அதனால அந்த ஒரு பரீட்சைய நெனச்சு அம்மாங்க கும்பிடாத சாமி இல்ல.

பிள்ளைங்க பத்துக்கு பன்னெண்டு அடி லயத்து காம்பராவுல (வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீட்டு ரூமு) இருந்து வர்றாங்க, ஒரு காம்பராவுக்குள்ள ஆறு பேரு ஏழு பேரு. வெள்ளைக்காரன் காலத்துல கட்டின லயம். மழை பேஞ்சா பாதை முழுக்க சேறு அட்டை, சப்பாத்த (ஷூவ) கழட்டி பைல போட்டுக்கிட்டு வெறுங்காலோட ஏறி வந்து, ஸ்கூல் வாசல்ல கால கழுவிட்டு போட்டுக்குவாங்க. சப்பாத்து நனைஞ்சா மறுநாள் போடமுடியாது, அந்தக் குளுருல காயாது. இதெல்லாம் யாரும் எனக்கு சொல்லல, முதல் வாரம் நான் ஏன் சப்பாத்து போடாம வர்றீங்கன்னு அதட்டிட்டேன்.

ரெண்டாவது வாரம் நடந்ததுதான் இந்த போஸ்ட்டே எழுதக் காரணம்.

"எனது அம்மா"ன்னு தலைப்பு குடுத்து பத்து வரி எழுதச் சொன்னேன். தரம் 5 பிள்ளை ஒருத்தி, நல்லா எழுதுற பிள்ளை, இப்படி எழுதியிருந்தா: "அம்மா விடிய பெரட்டுக்குப் போவாங்க. கொழுந்து இல்லாத நாளில் அம்மாவுக்கு அரைப்பேர். அரைப்பேர் போட்டால் அம்மா பேச மாட்டாங்க." நான் சிவப்புப் பேனாவால 'பெரட்டு'ங்குற வார்த்தைய அடிச்சு பக்கத்துல கேள்விக்குறி போட்டேன். அரைப்பேர் மேல வளைவுக்கோடு போட்டு "பொருள் இல்லை, வாக்கியத்தை முடிக்கவும்"னு எழுதினேன். பத்துக்கு நாலு மார்க். அந்தப் பிள்ளை ஒண்ணும் சொல்லல, கொப்பிய (நோட்ட) வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டா.

சாயங்காலம் முன்பள்ளி டீச்சரம்மா கொப்பிங்கள பாத்துட்டு என்னைய கூப்ட்டு ஒக்கார வெச்சு சொன்னாங்க. "தங்கச்சி, பெரட்டுன்னா காலைல எல்லாரும் கூடி யாரு எந்த மலைக்குன்னு வேலை பிரிச்சுக் குடுக்குற எடம், வெள்ளைக்காரன் பரேடுன்னு சொன்னத நம்ம ஆளுங்க பெரட்டாக்கிட்டாங்க. பேர்னா ஒரு நாள் சம்பளம், செக்ரோல்ல பேரு விழுந்தாத்தான் காசு. இந்தத் தோட்டத்துல 18 கிலோ கொழுந்து எடுக்கணும், கொறஞ்சா அரைப்பேர்தான்." அப்போ ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவே பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம் 2021ல வந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு அப்புறம் மாவு சீனி பால்மா எல்லாம் விலை ஏறிப்போன நேரத்துல அரைப்பேருன்னா 500 ரூபா. அந்த வீட்டுல அன்னைக்கு ராத்திரி ரொட்டிக்கு சம்பல் இருக்காது, அம்மா பேசமாட்டாங்க. அதத்தான் அந்தப் பிள்ளை மூணு வரில எழுதியிருந்தா, நான் பொருள் இல்லைன்னு எழுதிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. குளுரு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்னென்னா, இந்த வார்த்தைங்கள நான் கேட்டிருக்கேன். லீவுக்கு கூடலூர் போறப்போ அப்பாயி விடியக்காலைல எந்திரிச்சு "பெரட்டுக்கு நேரமாச்சு"ன்னு சொல்லும், ரிட்டையர்டு ஆன பிறகும் சொல்லும், ஒரு தடவ கூட அப்படின்னா என்னன்னு நான் கேட்டதில்ல. ஆறாவது படிக்கிறப்போ ஆண்டு விழாவுக்கு அப்பாயி வந்துச்சு, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி "சப்பாத்து நல்லா இருக்கு கண்ணு"ன்னு சொல்லுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, வீட்டுக்கு வந்து நான் அப்பாயிகிட்ட இனிமே ஸ்கூலுக்கு வந்தா அப்படி பேசாதன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அப்பாயி எங்க ஸ்கூலுக்கு வரவே இல்ல. அப்பாயிக்கு செஞ்சதையே பதினஞ்சு வருஷம் கழிச்சு சிவப்புப் பேனாவால ஒரு பத்து வயசுப் பிள்ளைக்கும் செஞ்சிருக்கேன், அதுவும் டீச்சர்ங்குற பேருல.

மறுநாள் வகுப்புல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன், மார்க்க திருத்தினேன். அந்தப் பிள்ளை தலைய குனிஞ்சுக்கிட்டே "பரவால்ல டீச்சர்"னு சொன்னா.

அப்புறம்தான் யோசிச்சேன், இந்தப் பிள்ளைங்களுக்கு வீட்டுல ஒரு தமிழ், அரசாங்கப் பாடப்புத்தகத்துல ஒரு தமிழ், நான் கோயம்புத்தூர்ல இருந்து சுமந்துக்கிட்டு வந்த கதைப்புத்தகத்துல இன்னொரு தமிழ். மூணும் தமிழ்தான், ஆனா எதுல எழுதினாலும் யாராவது ஒருத்தர் தப்புன்னு சொல்லிருவாங்கன்னு பயந்து பாதிப் பிள்ளைங்க எழுதவே மாட்டேங்குறாங்க. எழுதத் தெரியாம இல்ல.

அதனால ஒரு பெரிய கொப்பி வாங்கினேன், 200 பக்கம். தினம் ஆளுக்கு ஒரு வார்த்தை வீட்டுல கேட்டுட்டு வரணும், வார்த்தை, அதுக்கு அர்த்தம், சொன்னவங்க பேரு, அவங்க எந்தத் தோட்டம் எந்தக் கணக்கு, அவ்வளவும் எழுதணும். (கணக்குன்னா டிவிஷன், மேக்கணக்கு கீழ்க்கணக்குன்னு சொல்வாங்க.) முதல் நாள் அஞ்சு வார்த்தைதான் வந்துச்சு, ஒரு மாசத்துல பிள்ளைங்க சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க என் வார்த்தைய அவ எழுதிட்டான்னு. கொங்காணி, மழைக்கும் குளுருக்கும் தலையோட போத்திக்கிறது. படங்கு, செடி கிழிக்காம இருக்க இடுப்புல கட்டுறது. கவ்வாத்து, தேயிலைச் செடிய வெட்டி விடுறது. தவறணை, கன்னு போடுற எடம். பிள்ளைக்காம்பரா, அம்மா மலைக்குப் போறப்போ கைக்குழந்தைய விட்டுட்டுப் போற எடம். ஸ்டோருன்னா கடை இல்ல, தேயிலை ஃபாக்டரி. ஒரு பையன், மூணு மாசமா வாயே தெறக்காதவன், அவங்க அம்மாயியோட கொங்காணி பத்தி ஒம்பது வரி எழுதிட்டு வந்தான், எழுத்துப்பிழை நிறைய இருந்துச்சு, நான் பென்சில்ல மெல்லமா திருத்திக் குடுத்தேன். சிவப்புப் பேனாவ அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. பரீட்சைக்கு வேண்டிய தமிழையும் சொல்லிக் குடுத்தேன், இத வீட்டுல இப்படிச் சொல்லுவோம், பேப்பர்ல இப்படி எழுதுவோம்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு.

மதம் பத்தியும் சொல்லணும், ஏன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் என்கிட்ட கேக்குறாங்க. பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேரு இந்து. வகுப்பு ஜெபத்தோடயும் பாட்டோடயும்தான் ஆரம்பிக்கும். ஒரு அம்மாகிட்ட உங்களுக்கு மனசுக்கு கஷ்டமா இல்லையான்னு நேராவே கேட்டேன், "பாட்டு பாடி எம்புள்ளைக்கு கூச்சம் போயிருச்சு டீச்சர், நல்லதுதானே"ன்னாங்க. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு போதகரய்யா மூணு நாள் லீவு விட்டாரு, சர்ச்சுல இருந்து பாத்திரம் பெஞ்சு எல்லாம் குடுத்தாரு. இயேசுவ நம்புறவ நான், அத மறைக்கல, ஆனா ஒரு பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுக்குறதுக்கு வெலையா அதோட சாமிய கேக்குறது எனக்கு சரியாப் படல, அந்த ஸ்கூல்ல அத யாரும் கேக்கவும் இல்ல. பழைய கதை வேற மாதிரி. 1854ல மலையகத்துல ஆரம்பிச்ச மிஷனுக்குப் பேரே தமிழ் கூலி மிஷன், தோட்டத்து வெள்ளைக்கார துரைமாரு காசு குடுத்தாங்க, திருநெல்வேலில இருந்து உபதேசியாருங்க வந்தாங்க. அப்பாயிக்கு மண்ணுல எழுத்து காட்டின வாத்தியாரு அந்த வழில வந்தவராத்தான் இருக்கணும், அவரு மேல எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனா கூலிங்குற வார்த்தைய தேவனோட வேலைக்குப் பேரா வெச்சத நெனைக்கிறப்போ வலிக்குது.

போட்டோ கதை இதுதான். ஒரு வெளிநாட்டுக் குழு ரெண்டு நாள் வந்தாங்க, பேரு வேண்டாம். ஸ்கூல் பேக் கொண்டு வந்தாங்க, சந்தோஷம். ஆனா ஒவ்வொரு பிள்ளையா லயத்து வாசல்ல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க, பேக்க கையில புடின்னு சொல்லி, சிரிக்காதன்னும் சொன்னாங்க. ஒரு பொண்ணு கிழிஞ்ச ஸ்வெட்டர் தெரியக்கூடாதுன்னு புது பேக்க நெஞ்சோட அணைச்சு மறைச்சுக்கிட்டா. தடுக்காம ஓரமா நின்னது இன்னும் எனக்கு உறுத்துது. அதான் போட்டோ கெடையாது.

கெளம்புற வாரம். ஜூலை கடைசில மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆச்சுன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஆரம்பிச்சிருந்துச்சு, அவங்க முன்னோருங்க காட்டு வழியா நடந்து வந்த அதே பாதை. பிள்ளைங்க தினமும் இன்னைக்கு எதுவரைக்கும் வந்துட்டாங்கன்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு ஓடிட்டு இருக்குறப்போ நான் எங்க அப்பாயி அந்த வழியாத்தான் திரும்பிப் போச்சுன்னு சொன்னேன், உடனே டீச்சர் பேசணும் பேசணும்னு ஒரே சத்தம். சிக்னல் கெடைக்குற மேட்டுக்குப் போய் வாட்ஸ்அப்ல வீடியோ கால் போட்டேன்.

அப்பாயி ஃபோன முகத்துக்கு ரொம்பக் கிட்ட புடிச்சுக்கிட்டு முதல்ல கேட்டது, "பெரட்டுக்கு இப்பவும் தப்படிக்கிறாங்களா?" இல்ல பாட்டி, சங்கு ஊதுவாங்கன்னு நாலு பேரு ஒண்ணா கத்தினாங்க. கொழுந்து கிலோவுக்கு எவ்வளவு, சீனிய உள்ளங்கையில வெச்சு நக்கிக்கிட்டு தேத்தண்ணி குடிக்கிறாங்களா, மழை விட்டுச்சா, எல்லாம் கேட்டுச்சு. அப்பாயி அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல, எங்க வீட்டுல அது மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா பாத்துப் பேசும்.

அரைப்பேர் எழுதின பிள்ளை கொப்பிய எடுத்துக்கிட்டு முன்னால வந்தா. "பாட்டி, எங்களுக்குத் தெரியாத ஒரு வார்த்த சொல்லுங்க." அப்பாயி யோசிச்சு "பத்துச்சீட்டு"ன்னுச்சு. "அது தெரியுமே, கடைல சாமான் வாங்கினா குடுப்பாங்க." "அது இல்லடி. தொரைக்கு ஒன்னைய புடிக்கலேன்னா தோட்டத்த விட்டுப் போன்னு ஒரு சீட்டு குடுப்பான். அது வந்துச்சுன்னா அடுப்ப தூக்கிக்கிட்டு வேற தோட்டம் தேடணும். எங்கப்பாவுக்கு குடுத்தான்."

அவ எழுதினா. ரெண்டு அர்த்தத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதினா. அப்பாயி பேர கேட்டு எழுதினா. அப்புறம் வழக்கமா கேக்குறத கேட்டா, "பாட்டி, உங்களுக்கு எந்த ஊருன்னு போட?"

நான் கூடலூர்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அப்பாயி, அங்கிருந்து வந்து அம்பது வருஷமான அப்பாயி, தோட்டத்துப் பேரச் சொல்லி, "கீழ்க்கணக்கு"ன்னுச்சு.