ஐஸ் பாரின் நடுவில் இருக்கும் வெள்ளை

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஐஸ் கம்பெனி. படகு கடலுக்குப் போகிற நாளில் அப்பாவோடு நானும் போய் நிற்பேன். கேனைக் கவிழ்த்ததும் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். நடுவில் மட்டும் பால் ஊற்றியதுபோல் ஒரு வெள்ளைத் தண்டு. அந்த வெள்ளைதான் பல வருஷம் கழித்து எனக்கு, உலகக் கடல்களின் அடியில் பரவும் அண்டார்டிக் அடிநீரைப் புரியவைத்தது. பரீட்சையில் ஒரு தடவையும் நேர்காணலில் ஒரு தடவையும் என்னைக் கவிழ்த்துவிட்டதும் அதேதான்.

நான் எம்.எஸ்சி. நிலவியல். ஆராய்ச்சிப் படிப்புக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் புவி அறிவியல் தாளை இரண்டாவது முயற்சியில் தாண்டினேன். பிஎச்.டி. இடமும் இரண்டாவது நேர்காணலில்தான் கிடைத்தது. இப்போது ஆழ்கடல் மண்ணிலிருந்து பழைய காலநிலையைப் படிக்கும் வேலை. ஊரில் பின்னால் வருகிற பிள்ளைகள் "அக்கா, துருவக் கடலை நம்ம ஊர்ல உட்கார்ந்து எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் ஐஸ் கம்பெனி. நல்ல தண்ணீர் ஊற்றிய கேன்களை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கியிருப்பார்கள். கேனுக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்துபோகும். வெளியே அதைவிடக் குளிர்ந்த உப்புத் தண்ணீர் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். உப்பு இருந்தால் உறைநிலை இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.9 டிகிரியில். இரண்டாவது பாடம் அந்த வெள்ளைத் தண்டு. பனிக்கட்டி தன் படிகத்துக்குள் உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைய உறைய உப்பையும் காற்றையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கேனில் ஊற்றும் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். நடுத்துண்டை நாக்கில் வைத்தால் லேசாகக் கரிக்கும். (வைக்காதீர்கள். அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது.)

அண்டார்டிகாவின் ஓரத்தில் நடப்பதும் இந்த உறைதல்தான். அங்கே கேன் கிடையாது, கடலே உறைகிறது. கண்டத்தின் உச்சியிலிருந்து சரிந்து வரும் கடுங்குளிர்க் காற்று, உறைந்த பனியைக் கடலுக்குள் தள்ளிவிட, கரையோரம் திறந்த நீராகிவிடும். பொலின்யா என்று சொல்வது அதைத்தான். திறந்த நீர் மறுபடி உறையும், காற்று மறுபடி தள்ளும். ஒவ்வொரு முறையும் பனி கழித்துவிட்ட உப்பு கீழே இருக்கும் நீரில் சேரும். அப்படிக் கனத்துப்போன நீர், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கண்டத் திட்டில் தேங்கி, சரிவில் இறங்கி, உலகக் கடல்களின் அடியில் பரவுகிறது. வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கரை, கேப் டார்ன்லி என்று இந்த நீர் பிறக்கும் இடங்களின் பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், கேள்வி வரும். இந்தியப் பெருங்கடலின் வடக்கே ஆசியா அடைத்து நிற்பதால் நம் பக்கம் அடிநீர் எதுவும் பிறப்பதில்லை. வங்கக் கடலின் அடியில் 1 முதல் 2 டிகிரி குளிரோடு கிடக்கும் நீர் தெற்கிலிருந்து வந்ததுதான். பாக் விரிகுடாவில் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் அதைத் தேடாதீர்கள். தென்பக்கம் மன்னார் வளைகுடா ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஆழம் என்ற சொல்லுக்கு அங்கேதான் அர்த்தம்.

இவ்வளவு புரிந்துவிட்ட தெம்பில்தான் முதல் தடவை தோற்றேன். அண்டார்டிக் அடிநீரையும், வடக்கே குளிர்ந்து அமிழும் வட அட்லாண்டிக் ஆழ்நீரையும் ஒப்பிட்டு ஒரு கேள்வி. ஐஸ் பார் கண்ணில் நிற்க, அண்டார்டிக் நீரில்தான் உப்பு அதிகம், அதனால்தான் கனம் என்று குறித்தேன். தவறு. வட அட்லாண்டிக் ஆழ்நீரின் உப்பளவு கிலோவுக்கு சுமார் 34.9 கிராம், அண்டார்டிக் அடிநீருக்கு சுமார் 34.7. உப்பு குறைந்தும் அது அடியில் கிடப்பதற்குக் காரணம் குளிர். பனி கழித்த உப்பு, அந்த இடத்தில் முன்பிருந்த நீரைக் கனமாக்குகிறது என்பது மட்டுமே ஐஸ் பார் சொல்லும் செய்தி. இன்னொரு கடலின் நீரோடு ஒப்பிடும் வேலையை அதனிடம் கொடுத்தது என் பிழை. ஊர் உவமையை வைத்துப் படியுங்கள், கூடவே அது எந்த இடத்தில் முறிகிறது என்பதையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் இப்போது அதற்கென்றே ஒரு ஓரம் ஒதுக்கியிருக்கிறேன்.

இனி பழங்காலம். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்பு ஆழ்கடல் எப்படி ஓடியது என்று யார் பார்த்தார்கள்? இதற்கு என் அப்பா சொன்னதைத் தாண்டி எந்த வகுப்பிலும் எனக்கு நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. "மேல ஒரு நீவாடு இருக்கும், அடியில ஒரு நீவாடு இருக்கும்த்தா. அடியில ஓடுறத எவன் பார்த்தான்? வலை கோணிக்கிட்டு நிக்கிறத வச்சுத்தான் சொல்றோம்." நீவாடு என்றால் நீரோட்டம். பனி, ஓடு, சேறு போன்ற இயற்கைப் பதிவுகள் எல்லாமே கோணி நிற்கும் வலைகள்தான். வலை ஏன் கோணியது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதில் எல்லோரும் சறுக்குவது ஆக்சிஜன்-18 கணக்கில். தண்ணீரில் இலேசான ஆக்சிஜன்-16, கனமான ஆக்சிஜன்-18 இரண்டும் உண்டு. ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொள்ளும். மழையாக விழும்போது கனமானது முந்திக்கொள்ளும். துருவம் போய்ச் சேர்வதற்குள் மேகத்தில் கனமானது மிகவும் குறைந்துவிடும். காலநிலை குளிர்ந்தால் இன்னும் குறையும். ஆகவே பனிப்படிவில் ஆக்சிஜன்-18 குறைந்தால் குளிர். ஆனால் இலேசான நீரெல்லாம் பனியாகக் கரையில் அடைபட்டதால் கடலில் கனமானது மிஞ்சுகிறது. குளிர்ந்த நீரில் ஓடு கட்டும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிரும் கனமானதையே சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே கடல் ஓட்டில் ஆக்சிஜன்-18 கூடினால் குளிர். மனப்பாடம் செய்தால் பரீட்சை அறையில் தலைகீழாகிவிடும். நான் செய்வது இவ்வளவுதான்: கேள்வியைப் பார்த்ததும் ஓரத்தில் ஒரு மேகம், ஒரு பனிமலை, ஒரு சிப்பி வரைந்து, கனமான நீர் எங்கே நிற்கிறது என்று அம்புக்குறி போடுவேன். இருபது விநாடி போதும்.

ஓட்டில் தெரியும் மாற்றத்தில் வெப்பநிலை எவ்வளவு, பனியின் அளவு எவ்வளவு என்று பிரிப்பது தனிச் சண்டை. 1955-ல் எமிலியானி என்ற ஆய்வாளர் பெரும்பங்கு வெப்பநிலைக்கே என்றார். 1967-ல் ஷாக்கிள்டன் என்ற இன்னொரு ஆய்வாளர் பெரும்பங்கு பனிக்கே என்று திருப்பினார். இந்த வரலாற்றைக் கதையாகப் படித்துவிட்டால் கேள்வி எப்படி வந்தாலும் பதில் நிற்கும். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கும் மேல் கீழே இருந்தது. நம் பாக் விரிகுடா அப்போது தரை. வலை வீசும் இடத்தில் நடந்தே போயிருக்கலாம். இந்த எண்ணை நான் மறக்காததற்கு அந்தக் காட்சிதான் காரணம்.

ஆழ்நீர் ஓட்டத்துக்கு மட்டும் இரண்டு சாட்சிகளைத் தனியாகப் படியுங்கள். ஒன்று கனமான கார்பனான கார்பன்-13. மேற்பரப்பில் உயிர்கள் இலேசான கார்பனைத் தின்று, செத்து, அடியில் அழுகும். அதனால் ஆழத்தில் நீர் எவ்வளவு காலம் கிடந்ததோ அவ்வளவுக்கு அதில் கார்பன்-13 விகிதம் இறங்கும். சேற்றுக்கு மேலே வாழும் சிபிசிடாய்டஸ் என்ற ஃபோராமினிஃபெராவின் ஓடு இதை நன்றாகப் பிடித்துவைக்கும். சேற்றுக்குள் புதைந்து வாழும் இனங்கள் குழப்பும். பனியுக உச்சத்தில் அட்லாண்டிக்கின் ஆழத்தைத் தெற்கு நீர் நிரப்பியது, வடக்கு நீர் மேலே ஏறிக்கொண்டது என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் எந்த நீர் நின்றது என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது. வேகத்துக்கு புரோட்டாக்டினியம்–தோரியம் விகிதம். இரண்டுமே கடல்நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்திலிருந்து பிறக்கும் கதிரியக்கத் தனிமங்கள். தோரியம் பிறந்த இடத்திலேயே சீக்கிரம் படிந்துவிடும், புரோட்டாக்டினியம் கொஞ்சம் தாமதித்து ஓட்டத்தோடு போய்விடும். ஓட்டம் நின்றால் விகிதம் பிறப்பு அளவான 0.093-ஐ நெருங்கும். சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முந்தைய முதல் ஹைன்ரிச் நிகழ்வின்போது (வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகள் கூட்டமாக உடைந்து மிதந்த காலம்) பெர்முடா தீவுப் பக்கத்துக் கடலடிச் சேற்றில் அப்படி நெருங்கியதை 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது.

அந்த அட்லாண்டிக் ஓட்டம் தளர்ந்தால் கிரீன்லாந்து குளிரும், அண்டார்டிகா மெல்லச் சூடேறும். இரண்டும் சேர்ந்து குளிரும் என்று ஒரு விடை எப்போதும் தூண்டிலில் தொங்கும், கடிக்காதீர்கள். நம் நாட்டுப் பருவமழை அப்போது நலிந்தது என்றும் படிப்பீர்கள். அது தென்மேற்குப் பருவமழை. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு வருவது. இதைக் குழப்பிக்கொண்டு ராமநாதபுரம் வறட்சிக்கெல்லாம் வட அட்லாண்டிக்கைக் காரணம் காட்டி ஒரு கருத்தரங்கில் பேசினேன். நல்லவேளை, கடைசி அமர்வு. பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பரீட்சைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் எழுதியபோது மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். 'சி' பிரிவில் 80 கேள்வி, 25-க்கு மட்டும் பதில், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், தவறுக்கு 33 சதவீதம் வெட்டு. முதல் தடவை 25-ஐயும் நிரப்பியே தீருவேன் என்று நிரப்பினேன். 11 சரி, 14 தவறு. கையில் நின்றது 25.5. அடுத்த தடவை 17 மட்டும் தொட்டேன். 14 சரி, 3 தவறு, 52 கிடைத்தது. 80-ஐயும் ஒருமுறை வாசிக்கவே அரை மணி ஆகும், அது வீண் அல்ல. நிலவியல் படித்தவர்கள் கடலியல் கேள்விகளைக் கண்டு ஒதுங்குகிறார்கள். ஒதுங்காதீர்கள், எனக்கு மதிப்பெண் வந்ததே அங்கிருந்துதான். பழைய வினாத்தாள்களும் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளும் இலவசம். கோச்சிங்குக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில், காசு கையில் இல்லை, ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் எழுப்பமாட்டார்கள். என் படிப்பில் பாதி அந்த 61 நாளில் நடந்தது. மதுரையில் சென்டர் விழுந்தால் முதல் நாளே போய்விடுங்கள். நான் எழுதியபோது பாம்பன் ரயில் பாலம் மூடிக்கிடந்தது, தீவுக்குள் ரயில் இல்லை. மாறி மாறி பஸ் பிடித்துப் போய், தூக்கக் கண்ணோடு உட்கார்ந்தேன்.

கைப்பழக்கம் வேண்டுமென்றால் சாதாரணக் கடற்கரை மணலில் ஒரு பிடி எடுத்துக் கழுவி, காயவைத்து, கைலென்ஸில் பாருங்கள். அம்மோனியா (வாயு அல்ல), குயின்குவெலோகுலினா போன்ற ஆழமற்ற கடல் ஃபோராமினிஃபெரா ஓடுகள் கிடைக்கும். மெல்லிய பிரஷ் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பழகலாம். ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கு 300 ஓடு வரை எண்ண வேண்டியிருக்கும். பவளத்தை மட்டும் தொடாதீர்கள். போரைட்டஸ் பவளத்தில் வருஷத்துக்கு ஒரு வளையம் இருக்கிறது, நல்ல பதிவுதான். ஆனால் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டானாலும் அனுமதி இல்லாமல் எடுத்தால் வழக்கு. பவளக்கல்லைப் பார்க்க ஆசையாக இருந்தால் தனுஷ்கோடி போங்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரில் கல் கல்லாகத் தெரியும். கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நேர்காணல் கதை பாக்கி. "பனிப்படிவுக்குள் காற்று எப்படி மாட்டியது?" என்றார்கள். எனக்கா தெரியாது என்று, தண்ணீர் உறையும்போது காற்று நடுவில் ஒதுங்கும் கதையை ஐஸ் பாரோடு சொன்னேன். எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்டார்டிகாவின் உள்ளே தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அங்கே விழுவது வெண்பனி. மேலே மேலே விழுந்து அழுந்தி, 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில்தான் இடைவெளிகள் மூடி, காற்று குமிழாகச் சிக்குகிறது. அதுவரை மேல் காற்று உள்ளே போய்வந்துகொண்டே இருக்கும். அதனால் குமிழில் இருக்கும் காற்று, சுற்றியுள்ள பனியைவிட இளையது. பனி குறைவாக விழும் இடங்களில் வித்தியாசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். கார்பன் டை ஆக்சைடு முதலில் ஏறியதா, வெப்பம் முதலில் ஏறியதா என்ற வழக்கே இந்த வயது வித்தியாசத்தில்தான் தொங்குகிறது. அண்டார்டிகாவில் பனியைத் துளைத்தெடுத்த எப்பிகா டோம் சி துளையின் 8 லட்சம் ஆண்டுப் பதிவை ஒப்பித்து வைத்திருந்தேன். அதைக் கேட்கவே இல்லை.

அடுத்த வருஷம் வேறொரு இடத்தில் அதே கேள்வி வந்தது. சரியாகச் சொன்னேன். "இதை எங்கே படித்தீர்கள்?" என்றார்கள். போன வருஷ நேர்காணலில் என்றேன்.