தாய்ப்பத்திரம் தேடல்: இதுவரை

மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வயல், பூட்டன் காடு வெட்டித் திருத்தியது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதை வைத்துக் கொடிவழி (வம்சாவளி) எழுத உட்கார்ந்தேன். தகரப்பெட்டியில் இருந்த பத்திரக்கட்டைப் பிரித்ததும் வேலை வேறு பக்கம் போய்விட்டது.

கட்டுக்குள் மிகப் பழையது ஒரு கிரையப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்). ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பெல்லாம் கிழிசல். ஜன்னலோரம் சாய்வான வெயிலில் வைத்து மொபைலில் படமெடுத்தால் மங்கிய மை எழும்பி வருகிறது. புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவே இடம் கிடையாது. ௵, ௴, ௹ என்றால் வருஷம், மாசம், ரூபாய். இது பிடிபட்டால் வாசிப்பு ஓடும். ரௌத்திரி வருஷம் தை மாசம், பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) 1330. பசலியோடு 590 கூட்டினால் 1920 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. ஆக, 1921 ஜனவரி-பிப்ரவரி.

பூட்டன் காடு வெட்டவில்லை, காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அதுவும் நஞ்சையாகவே. நான்கெல்லையில் பெரியாறு வாய்க்கால் வருகிறது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்து, பென்னிகுயிக் திருப்பிய தண்ணீர் வைகை வழியே பேரணைக்கு வந்து கால்வாயில் இறங்கிய பிறகுதான், கண்மாயையும் வானத்தையும் பார்த்துக் கிடந்த மேலூர்ச் சீமையில் நெல் பரவியது. கள்ளந்திரி வரை இருபோகம், எங்களுக்கு ஒருபோகம்தான்.

அடுத்த தாள் ஒத்திப் பத்திரம், அதாவது நிலத்தை அனுபவிக்கக் கொடுத்துக் கடன் வாங்கியது. நெல் விலை அடிமட்டத்துக்குப் போன 1930-களில் எழுதியது. பூட்டன் அதற்குள் இறந்திருக்கிறார். "மைனருக்குத் தாயும் கார்டியனுமான" என்ற வரியை ஒட்டிப் பூட்டியின் பெயர். அடியில் கைநாட்டு, ரேகைச் சுழி இன்னும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது. அந்த மைனர்தான் எங்கள் தாத்தா. பின்பக்கத்தில், ஒத்தித் தொகை முழுவதும் பூட்டி கையால் பெற்றுக்கொண்டதாக நிலம் பிடித்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பணம் எங்கிருந்து வந்தது? தொண்ணூறு தாண்டிய அப்பத்தாவிடம் கேட்டேன். "எங்க மாமியா காதுல நான் தண்டட்டியப் பாத்ததே இல்லப்பா. வெறுங்காது தோள்ல கெடக்கும்." அதற்கு மேல் பேசவில்லை, வெற்றிலையை மடிக்கப் போய்விட்டது.

சித்தப்பாவுக்கு இது ரசிக்கவில்லை. "ஒத்தி வச்ச கதையெல்லாம் எதுக்குடா எழுதுற?" என்றார். எழுதத்தான் போகிறேன். நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டம் வந்தபோது பட்டாவில் தாத்தா பெயர் மட்டும் ஏறியது, செண்ட் கணக்கு ஏர் (மெட்ரிக் அளவு) கணக்காகிச் சர்வே எண்ணும் உட்பிரிவாக உடைந்தது. அதையெல்லாம் கிராமத்து நில விவரம் அடங்கிய 'அ' பதிவேட்டை வைத்து ஒப்பிட்டாயிற்று. அலுப்பான வேலை, விவரிக்கவில்லை.

1921 பத்திரத்திலேயே, விற்றவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரத்தின், அதாவது தாய்ப்பத்திரத்தின், எண்ணும் வருஷமும் இருக்கின்றன. வாய்க்கால் வந்த காலத்தில் வயல் யார் கையில் இருந்தது என்பது அதில்தான் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன்.