தபால்காரரைத் தேடி ஓர் ஆற்றங்கரைக்கு

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஆபீஸ் வேலை முடிந்து ஒரு நாள் சும்மா கிடைத்தது. ஊர் முழுக்க கிதாரும் கவ்பாய் தொப்பியும்தான், அதை விட்டுவிட்டு வாடகைக் காரில் வடக்கே கென்டக்கி மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டேன். பௌலிங் கிரீன் தாண்டி, மார்கன்டவுன் வழியாக ராச்செஸ்டர் என்று ஒரு குட்டி ஊர். காரணம் ஜான் பிரைன் என்ற பாடகர்.

ஆள் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் 1946இல் பிறந்தவர், தபால்காரராக இருந்தவர். கடிதம் போட்டபடி நடக்கும்போதே பாட்டுக் கட்டுவாராம். 1970இல் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பாப்கார்னில் உப்பு ஜாஸ்தி என்று படத்தில் பாதியில் எழுந்து பியர் குடிக்கப் போன இடத்தில் இவர் பாடிக்கொண்டிருந்தார். படத்தை விட்டுவிட்டு இவரைப் பற்றி எழுதினார் ஈபர்ட், அதுதான் இவருக்கு வந்த முதல் விமர்சனம். முதல் ஆல்பத்தின் அட்டையில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார், அதற்கு முன் வாழ்க்கையில் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே இல்லையாம்! பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தன் உடம்பு நோவையெல்லாம் கொட்டுகிறவர்களை வைத்து ஒரு பாட்டு உண்டு, கேட்டால் சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் நான் வந்தது சிரிப்பே இல்லாத பாட்டுக்காக. பிரைனுடைய அப்பா அம்மாவின் சொந்த ஊர்ப்பக்கத்தில் பேரடைஸ் என்று ஒரு கிராமம், பெயரே சொர்க்கம். சுற்றிலும் நிலக்கரிக்காக மண்ணைச் சுரண்டி, அனல்மின் நிலையமும் கட்டி, 1967வாக்கில் வீடுகளையும் வாங்கி இடித்துவிட்டார்கள். அதைப் பற்றிய பாட்டின் டேப்பை அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்து கேட்டாராம், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ஆல்பம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார்.

செத்தால் என் சாம்பலை கிரீன் ஆற்றில் விடுங்கள் என்று அந்தப் பாட்டிலேயே கேட்டிருந்தார் பிரைன். 2020 ஏப்ரலில் கொரோனாவில் போனார். பாதிச் சாம்பல் அப்பா அம்மா பக்கத்தில் புதைந்தது, மீதி இந்த ஆற்றில்.

பாட்டில் வருகிற ராச்செஸ்டர் அணை நம் கணக்கில் ஒரு தடுப்பணைதான். பழுப்புத் தண்ணீர் மேலே வழிந்து நுரைத்து விழுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் அவர் பெயரில் ஒரு சின்னப் பூங்கா. அங்கேயே அந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று போனை எடுத்தால் சிக்னல் இல்லை, முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. சரி என்று நானே முனகிப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். நிறுத்திவிட்டேன்.