ரெண்டு பீடியா, ரெண்டு கட்டா

எங்க ஹெல்த் சென்டர்ல பிபி மாத்திரைக்கு வந்த ஒருத்தர்கிட்ட, ஒரு நாளைக்கு எத்தன பீடின்னு கேட்டேன். "ரெண்டு தான் சிஸ்டர்"னு அவரு சொன்னாரு. நான் "ரெண்டு பீடியா, ரெண்டு கட்டாண்ணே?"ன்னு கேட்டேன். அவ்ளோதான் நடந்தது. க்யூல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு, நான் ரிஜிஸ்டர்ல புகையிலைக்கு நேரா 'ஆமா'ன்னு டிக் போட்டுட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டேன்.

நாலு மாசம் ஆச்சு. இன்னும் பிபி மெஷின் கஃப்ப யார் கைல சுத்தினாலும் அந்த சிரிப்பு சத்தம் காதுல கேக்குது.

என்சிடி டேபிள்ல, அதான் தொத்தாத நோய்ங்களுக்கான டேபிள்ல, உக்காந்தவங்களுக்கு தெரியும், திங்கக்கிழமை காலைல சுகர், பிபின்னு எழுபது எண்பது பேரு. ஒருத்தருக்கு மூணு நிமிஷம் குடுத்தாலே பின்னாடி இருந்து "யக்கா சீக்கிரம், வேலைக்கு போவணும்"னு குரல் வரும். அந்த கூட்டத்துல ஒரு ஜோக் அடிச்சா எல்லாருக்கும் கொஞ்சம் லேசா இருக்கும், நானும் அப்படித்தான் ஓட்டிட்டு இருக்கேன். கெட்ட எண்ணம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா அவரு சொன்னத நான் நம்பல, அது மட்டும் நெசம்.

எப்படி நம்புறது? காசிமேட்டுல ராத்திரி ஐஸ் உடைக்கிற வேலை, இருபது வருஷமா பீடி, சட்டைல அந்த வாசனை அப்படியே வருது. முந்தின மாசம் கேட்டப்ப "ஒரு நாளைக்கு ஒரு கட்டு"ன்னாரு. ஒரு மாசத்துல ஒரு கட்டு ரெண்டு பீடியா ஆயிடுமா? எங்க டேபிளுக்கு வர்ற ஆம்பளைங்க பாதி பேரு குறைச்சி தான் சொல்லுவாங்க, அது எல்லா சிஸ்டருக்கும் தெரிஞ்ச கதை.

அடுத்த மாசம் அவரு மாத்திரைக்கு வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போற அக்காகிட்ட சொல்லி பாக்க சொன்னேன். அவங்க வந்து சொன்னாங்க, வீட்டம்மா பயங்கர கோவத்துல இருக்காங்களாம். "அந்தாளு நெசமாவே ரெண்டுக்கு வந்துருச்சு, எந்திரிச்சதும் ஒண்ணு, வேலைக்கு போறப்ப ஒண்ணு, நான் தான் எண்ணி குடுத்தேன், உங்க சிஸ்டர் எல்லார் முன்னாடியும் கேலி பண்ணிச்சாம், அன்னிக்கு சாயந்திரமே ஒரு கட்டு வாங்கினு வந்துச்சு"ன்னு.

இதக் கேட்டதுல இருந்து ஒரு விஷயம் மண்டைல ஓடுது. அவரு "ரெண்டு"ன்னு சொல்றப்ப ரெண்டு விரல தூக்கி காட்டினாரு. பீடி புடிக்கிற அதே விரலுங்க. நகம் மஞ்சளா இருந்துச்சு, அதப் பாத்து தான் எனக்கு அந்த ஜோக்கே வந்துச்சு. ஆனா பீடிய திடீர்னு விட்டவங்க சில பேரு நகத்துல ஒரு கோடு தெரியும், ரொம்ப குறைச்சவங்களுக்கும் தெரியுமோ என்னவோ, நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் தான் வளரும், புதுசா வளர்ற அடிப்பக்கம் வெளுப்பா இருக்கும், கறை நுனிக்கு போயிருக்கும். அவரு நகத்துல அடியில வெளுப்பு இருந்துச்சா? சில நாள் இருந்த மாதிரியே ஞாபகம் வருது. சில நாள் இது நானா சேத்துக்கிட்டதோன்னு தோணுது.

ட்ரெய்னிங்ல ஊதி பாக்குற ஒரு மெஷின் காட்டினாங்க. மூச்சுல கார்பன் மோனாக்சைடு எவ்ளோன்னு நம்பர் வரும், பீடி விட்டு ஒரு நாள்லயே இறங்கிடும். அன்னிக்கு அதப் பாத்து நான் நெனச்சது, இது ஒண்ணு நம்ம சென்டர்ல இருந்தா பொய் சொல்றவன எல்லாம் புடிச்சிடலாம்னு. இப்ப யோசிச்சா, அது இருந்திருந்தா அவருக்கு சாட்சி சொல்லியிருக்கும்.

அதே ட்ரெய்னிங்ல அஞ்சு படி சொல்லிக் குடுத்தாங்க. கேக்கணும், விட சொல்லணும், ரெடியா இருக்காரான்னு பாக்கணும், உதவணும், மறுபடி வர வைக்கணும். நான் மொத படியிலயே தடுக்கி விழுந்தேன். உதவணும்னா மட்டும் என்னத்த வச்சி உதவுறது? நிகோடின் சூயிங்கம் எங்ககிட்ட ஸ்டாக் இல்ல, வெளிய ஒரு ஸ்ட்ரிப் வாங்குற காசுக்கு அவருக்கு சில நாளைக்கு பீடி வந்துடும். 1800-11-2356ன்னு 2016ல இருந்து இலவச நம்பர் இருக்கு, சிகரெட் அட்டையிலயே போட்டிருக்கு, பெட்டிக்கடைல சிங்கிளா வாங்குறவன் கைக்கு அந்த அட்டை எங்க வருது? நான் இதுவரைக்கும் எத்தன பேருக்கு அந்த நம்பர எழுதிக் குடுத்திருப்பேன்னா, விரல் விட்டு எண்ணிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஒருநாளைக்கு ஒரு சிகரெட் குடிச்சாலே, இருபது குடிக்கிறவங்களுக்கு இருக்குற கூடுதல் மாரடைப்பு ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துடும்னு படிச்சிருக்கேன், பிபி இருக்குறவருக்கு ரெண்டு பீடியும் கெடுதல் தான், அப்ப ரெண்டுன்னு சொன்னதும் தட்டிக் குடுத்திருந்தா அதுவும் தப்பு தானே? யார் ஒதவியும் இல்லாம விட முயற்சி பண்றவங்கள்ல நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு பேரு தான் ஒரு வருஷம் தாக்குப் பிடிக்கிறாங்களாம். அவரு எப்படியும் திரும்ப ஆரம்பிச்சிருப்பாரு, நான் ஒரு சாக்கு அவ்ளோதான்னு சொல்லிப்பேன். போன வருஷம் வியாசர்பாடி ஆட்டோக்காரர் ஒருத்தர்கிட்ட கத்தினேன், "அன்னிக்கு நீங்க திட்டினதுல தான் விட்டேன்"னு ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு. அப்ப கத்துறதும் வேலை செய்யுதே. ஆனா ஸ்வீட் குடுத்தவர் மட்டும் தானே திரும்பி வந்தாரு, வராதவங்கள நான் எண்ணல.

இப்பல்லாம் எத்தனன்னு மொதல்ல கேக்குறதில்ல. "தூங்கி எந்திரிச்சி எவ்ளோ நேரத்துல மொத பீடிண்ணே?"ன்னு கேக்குறேன். அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா பழக்கம் கெட்டியா புடிச்சிருக்குன்னு அர்த்தம், அதுல யாரும் பொய் சொல்றதில்ல, யாரும் சிரிக்கிறதும் இல்ல.

போன திங்கக்கிழமை அவரு வந்தாரு. க்யூல வச்சி கேலி பண்ணிட்டு தனியா கூப்ட்டு சாரி சொல்றது என்ன நியாயம்னு தெரியல, ஆனா ஊசி போடுற ரூமுக்கு தான் கூப்ட்டேன். "அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்க கூடாதுண்ணே"ன்னேன். "அதெல்லாம் இன்னா சிஸ்டர், தமாசு தான?"ன்னு சிரிச்சாரு.

"இப்ப எவ்ளோண்ணே?"

"நீயே எழுதிக்க சிஸ்டர்."

நான் அவரு விரலையே பாத்துட்டு இருந்தேன். நகத்த ஒட்ட வெட்டியிருந்தாரு, மஞ்சளா வெளுப்பான்னு ஒண்ணும் புரியல. மாத்திரைய வாங்கி சட்டைப் பைல போட்டுக்கினு போயிட்டாரு. அவரு வாசல் கேட்ட தாண்டி போனப்புறம் தான் உறைச்சது, பிபியே பாக்காம அனுப்பிட்டேன்.