கனம் குறைந்த கல்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் உலைப் பராமரிப்பைக் கவனித்துவந்த காலத்தில், அச்சில் அழுத்திய துருப்பிடிக்காத எஃகுத் தூளை ஹைட்ரஜன் வாயுவுக்குள் 1,250 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்கும் உலையொன்று என் பொறுப்பில் இருந்தது. அதன் உட்சுவரைப் புதுப்பிக்க வேண்டியபோது, அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடாலான உயர்தரக் கல்லின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், 60 சதவீதம் அலுமினாவும் எஞ்சியது பெரும்பாலும் சிலிக்காவுமான (மணலில் உள்ள சிலிக்கன் டை ஆக்சைடு) கல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அது 1,500 டிகிரி வரை தாங்கும் என்று விவரத்தாளில் இருந்தது. காற்றில் தாங்கும் கணக்கு அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

14 மாதங்களில் கல் உதிரத் தொடங்கியது. மின்தடையில் உலை சட்டென ஆறியதால் வந்த விரிசல் என்றே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மின்வாரியத்தின்மேல் பழிபோடுவது எங்களுக்குக் கைவந்த கலை. சுவரைப் பிரித்த திருமங்கலத்துக் கொத்தனார் ஒரு கல்லைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "சார், இது வெடிச்ச கல்லு இல்ல. பொரி உருண்டை மாதிரி கனமே இல்லாம கெடக்கு" என்றார். தராசும் அதையே சொன்னது. வாயு வெளியேறும் குழாயில் படிந்த வெண்பொடியை மாதக்கணக்கில் கம்பியால் குத்தி எறிந்துகொண்டிருந்தோமே, அது எங்கள் கல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

சூடான ஹைட்ரஜன் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனின் ஒரு பங்கைப் பிடுங்கி நீராவியாக்குகிறது. மிஞ்சும் சிலிக்கன் மோனாக்சைடு அந்த வெப்பத்தில் வாயு என்பதால், ஓட்டத்தோடு கிளம்பிவிடுகிறது. குளிர்ந்த இடத்தை அடைந்ததும் வினை திரும்பி, மீண்டும் சிலிக்காப் பொடியாகப் படிகிறது. கல்லின் உருவம் அப்படியே நிற்க, உள்ளே துளைகள் பெருகி வலு போய்விடுகிறது. வாயுவில் ஈரம் இருந்தால் இந்த அரிப்பு மட்டுப்படும். ஆனால் எஃகிலுள்ள குரோமிய ஆக்சைடை நீக்க மிக உலர்ந்த ஹைட்ரஜன் வேண்டும் என்பதால், உலோகத்துக்கு நல்லதாக நாங்கள் பார்த்துப் பார்த்து உலர்த்திய வாயுவே கல்லுக்கு எமனாயிற்று.

அடுத்த முறை, சிலிக்கா அரை சதவீதத்துக்கும் குறைவான 99 சதவீத அலுமினாக் கல்லை வாயு படும் முகத்தில் அடுக்கினோம். அலுமினாவை அந்த வெப்பத்தில் ஹைட்ரஜனால் அசைக்க முடியாது. குழாயில் பொடி நின்றது. ஆனால் அடர்ந்த அலுமினா வெப்பத்தை அதிகம் கடத்துவதால் உலையின் வெளித்தகடு முன்னைவிடச் சுட்டது. முதலாளி மின்கட்டணச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.