நோஞ்சான் மாடு ரெண்டு, கொழுத்த மாடு ஒண்ணு

சியாட்டிலிலிருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகிறவர்கள் மொன்டானாவை ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போயிருப்போம். பின்சீட்டிலிருந்து மகள் "அம்மா, அவசரம்" என்றதால்தான் 90ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு டியர் லாட்ஜில் இறங்கினோம். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இருபுறமும் மலை, நடுவில் கிளார்க் ஃபோர்க் ஆறு, மிச்சமெல்லாம் புல். ஊர் ஓரத்தில் கிராண்ட்-கோர்ஸ் பண்ணை என்று பலகை. அனுமதி இலவசம். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றார் கணவர். மூன்று மணி நேரம் ஆனது.

இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டுப் பண்ணை என்ற ஒன்று வந்த கதை ஒரு பேரத்தில் ஆரம்பிக்கிறது. 1850களில் மேற்கே குடியேற, கிழக்கிலிருந்து ஆரிகன் பாதையில் வண்டி கட்டி வந்தவர்களின் மாடுகள், நூற்றுக்கணக்கான மைல் இழுத்து எலும்பும் தோலுமாகியிருக்கும். ஜானி கிராண்ட் என்ற இளைஞர் வழியில் காத்திருப்பார். "உன் நோஞ்சான் மாடு ரெண்டு கொடு, என் கொழுத்த மாடு ஒண்ணு தரேன்." அவர்களுக்கு வேறு வழியில்லை. வாங்கிய மாடுகளை வடக்கே ஓட்டிவந்து இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் குளிர்காலம் முழுக்க மேயவிடுவார். அடுத்த கோடையில் அதே மாடுகள் கொழுத்து நிற்கும்; அவற்றில் ஒன்றுக்கு மறுபடி இரண்டு. துண்டைப் போட்டுக் கைவிரல் பிடித்து விலை பேசும் நம்மூர்த் தரகர்கள் கேட்டால் இவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள்.

கிராண்ட் கனடாவில் பிறந்த மேட்டீ, அதாவது ஐரோப்பிய, பழங்குடி இரத்தம் கலந்தவர். மனைவி குவாரா ஷோஷோனி இனத்தவர். அந்தக் காலத்தில் இந்த நிலம் பழங்குடிகளின் நடமாட்டத்தில் இருந்தது. இங்கே ஒருவர் நிம்மதியாக மாடு மேய்க்க, வியாபாரம் பண்ண, அவர்களோடு உறவு வேண்டும். குவாரா வழியாகத்தான் கிராண்டுக்கு அந்த உறவு கிடைத்தது. பண்ணையின் பெயர்ப் பலகையில் குவாரா இல்லை என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள்.

1862-ல் கிராண்ட் கட்டிய இரண்டு மாடி வீடு இன்னும் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் மண்கூரைக் குடிசைகள் இருந்த காலம். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலிருந்து ஒரு வீட்டைப் புகைபோக்கியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைத்ததுபோல இருக்கிறது என்று 1865-ல் ஒரு பத்திரிகை எழுதியதாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1866-ல் கிராண்ட் பண்ணையை 19,200 டாலருக்கு விற்றார். வாங்கியவர் கான்ராட் கோர்ஸ். ஜெர்மனிக்காரர், பதினைந்து வயதில் கப்பலேறியவர், தங்கம் தேடி வந்தவர். பானக் என்ற தங்க முகாமில் கையில் காசில்லாமல் கசாப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை முதலாளி அங்கே ஷெரீஃபாகவும் இருந்தார்; ஒரு தகராறில் உயிருக்குப் பயந்து ஊரை விட்டே ஓட, கடை கோர்ஸ் கைக்கு வந்தது. தங்கம் தோண்டுகிறவனுக்குத் தங்கம் கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம்; ஆனால் தினமும் பசிக்கும். கோர்ஸ் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கறிக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும், ஆகவே இந்தப் பண்ணை.

வீடு கைமாறிய அடுத்த வருடம், 1867-ல், குவாரா இறந்தார். கிராண்டும் கனடாவுக்கே திரும்பிவிட்டார்.

1868-ல் கோர்ஸின் மனைவி அகஸ்டா இந்த வீட்டுக்கு வந்தபோது வயது பத்தொன்பது. புதுமணப் பெண், மிசூரி ஆற்றில் நீராவிப் படகு, பிறகு குதிரை வண்டி. வந்து இறங்கியதும் சமையல், பால் கறப்பு, சோப்பு காய்ச்சுதல், மெழுகுவர்த்தி வார்த்தல். வீட்டுக்குள் போனால் வரவேற்பறையின் கனத்த மர நாற்காலிகளும் திரைகளும்தான் கண்ணில் படுகின்றன. அதெல்லாம் பணம் வந்த பிறகு. 1890-ல் பின்பக்கம் செங்கல்லில் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் மரம், பின்னால் செங்கல். ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கிறது, சொல்லக்கூடாது.

உச்சத்தில் கோர்ஸின் மாடுகள் நான்கு மாநிலங்களிலும் கனடாவிலும் சுமார் ஒரு கோடி ஏக்கரில் மேய்ந்தன. அதில் பெரும்பகுதி அவருடையது இல்லை. வேலியில்லாத பொதுப் புல்வெளி. அதற்கும் ஒரு முடிவு வந்தது. 1886 கோடையில் மழையில்லை, புல் கருகியது. பின்னால் வந்த குளிர்காலத்தில் பனி விழுந்து, உருகி, மறுபடி உறைந்து, புல்லுக்கு மேல் கண்ணாடிபோல் மூடிக்கொண்டது. கீழே புல் இருந்தும் மாடுகளால் தின்ன முடியவில்லை. சமவெளிகளில் லட்சக்கணக்கில் செத்தன. கோர்ஸும் ஏறக்குறைய திவால். பியூட் நகரத்து வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸ், ஈடு எதுவும் கேட்காமல் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். அதை வைத்துத்தான் மீண்டார்.

அந்தக் குளிருக்குப் பிறகு யாரும் வானத்தை நம்பி மாடு வளர்க்கவில்லை. வேலி போட்டார்கள், புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டார்கள். தொழுவத்துக்கு அப்பால் பீவர்ஸ்லைடு என்ற ராட்சத மரச் சாய்தளத்தைப் பார்த்தோம். குதிரைகள் கயிற்றை இழுக்க, உலர்ந்த புல் சரிவில் மேலேறி உச்சியிலிருந்து போர்மேல் விழுமாம். எங்கள் தாத்தா வீட்டில் வைக்கோல் போர் போட ஆறு ஆட்கள் வேண்டும்.

ஆற்றுப் பக்கம் நடந்தபோது வேறொரு கதை. மேலே பியூட்டிலும் அனகோண்டாவிலும் இருந்த செம்புச் சுரங்க, உருக்காலைக் கழிவுகள் 1908 வெள்ளத்தில் இறங்கி இந்த ஆற்றங்கரையெல்லாம் படிந்தன. சில இடங்களில் புல்லே முளைக்காமல் போனது. சுரங்கக்காரன் பசியில் தொடங்கிய பண்ணைக்குச் சுரங்கமே விஷத்தையும் அனுப்பியிருக்கிறது.

அகஸ்டா 1945 வரை இருந்தார், 96 வயது. பேரன் பண்ணையை விற்றார்; 1972-ல் அது தேசியப் பூங்கா சேவையின் கீழ் தேசிய வரலாற்றுத் தலமானது. இப்போதும் மாடுகள் உண்டு. சமையல் வண்டியருகே நெருப்பில் காய்ச்சிய டிக்காஷன் ஒரு குவளை தந்தார்கள், தூள் அடியில் கிடந்தது. கணவர் முகம் சுளித்தார். எனக்கு இரண்டாவது குவளையும் கிடைத்தது.

கிளம்பும்போது ஊருக்குள் கோர்ஸ் நினைவு நூலகத்தைப் பார்க்கப் போனோம். 1901-ல் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோன ஒரே மகன் வில்லியமின் நினைவாகப் பெற்றோர் கட்டிக்கொடுத்தது. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. மகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிப் புத்தக அலமாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கணவர் ஹாரன் அடித்தார்.